கொண்டலுக்கு வைத்த பங்கு

அந்தக் காலத்தில் காகம் நியாயம் பேசும், மான் சுகம் விசாரிக்கும், காற்று தெருமுனையில் நின்று ஊர்வம்பு கேட்கும். அப்படிப்பட்ட காலத்தில் கோணமலைப் பட்டினத்தில் கோடை என்றால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சொன்னால் நம்பமாட்டீர்கள், முதலில் கேட்டபோது நானே நம்பவில்லை. சித்திரை மாதத்து மத்தியானத்தில் ஆட்கள் முற்றத்தில் பாய் விரித்துப் படுப்பார்களாம்! வைகாசியில் போர்வை தேடுவார்களாம்! இன்றைக்கு வைகாசி வெயிலில் அந்தக் கடற்கரை மணலில் வெறுங்காலோடு துள்ளித் துள்ளி ஓடியவர்களிடம் இதைச் சொன்னால் சொல்கிறவனை அடிக்க வருவார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் கொண்டல். கிழக்கே கடலிலிருந்து வருகிற காற்றுக்கு அந்தக் கரையில் அதுதான் பெயர். கொண்டல் ஒரு பெண். விடியும்போதே கரையேறிவிடுவாள். ஏறியதும் முதல் வேலையாகத் தன் ஈரச் சேலையை முறுக்கிப் பிழிந்து, படார் படாரென்று உதறிவிட்டுத்தான் ஊருக்குள் கால் வைப்பாள். அதனால் அவள் பட்ட உடம்பில் வியர்வை என்பதே நிற்காது.

மேற்கே காட்டுப் பக்கமிருந்து இன்னொரு காற்று வரும். அவன் பெயர் கச்சான். கெட்டவன் இல்லை, ஆனால் அனல் பிடித்தவன், ஓட்டம் பிடித்தால் நிற்கத் தெரியாதவன். வறண்ட காடெல்லாம் அலைந்து, சருகையும் புழுதியையும் வாரிக்கொண்டு பட்டினத்து எல்லை வரைக்கும் ஓடி வருவான். அங்கே கொண்டல் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பாள்.

"எங்க ஓடுறீர்? இஞ்ச சின்னப் பிள்ளையள் கிடக்குது. திரும்பும்!"

"சும்மா எட்டிப் பாப்பம் எண்டு வந்தனான்" என்று முணுமுணுத்துக்கொண்டு கச்சான் திரும்பிவிடுவான். கோடை முழுக்க இதே கூத்துத்தான்.

அந்தப் பட்டினத்தில் நாகமுத்து என்று ஒரு பெண் இருந்தாள். கரைவலை இழுக்கிற ஆட்களுக்கு மீனைப் பங்கு பிரித்துக் கொடுப்பது அவள் வேலை. கரைவலை என்றால் தெரியும்தானே? வள்ளத்தில் போய் வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, கரையில் நின்று இரண்டு பக்கக் கயிற்றையும் ஊரே கூடி இழுப்பது. அதில் ஒரு வழக்கம் உண்டு. கயிற்றில் கை வைத்தவருக்கெல்லாம் பங்கு. வழியில் போனவன் ஒருவன் வந்து ஒரு இழுவை இழுத்திருந்தாலும் அவனுக்கும் மீன். கால் நொண்டியவனுக்கும் மீன், கண் தெரியாதவனுக்கும் மீன். கயிற்றின் மேல் உட்கார்ந்து கத்தி உற்சாகப்படுத்தியதற்காகக் காகத்துக்கும் ஒரு சூடை மீன்குஞ்சு உண்டு.

கொண்டலுக்கும் பங்கு உண்டு. ஏனென்றால் எல்லோரும் கரையிலிருந்து இழுக்கும்போது அவள் கடல் பக்கம் நின்று, கயிற்றைப் பிடித்து, தோள் கொடுத்து வலையைக் கரைக்குத் தள்ளுவாள். மீன் கொட்டியதும் நாகமுத்துவின் கையில் முதலில் அகப்படுகிற மீன், பெரிதோ சிறிதோ, அது கொண்டலின் பங்கு. அதை எடுத்து ஈர மணலில் தனியே வைப்பாள். பங்கு முடிந்ததும் "இந்தா கொண்டல், உன்ர பங்கு" என்று சொல்லி அலையில் விடுவாள். பிரிக்கிறவள் தனக்கென்று எதையும் தெரிந்தெடுக்கக் கூடாது. எல்லோரும் எடுத்து மிஞ்சியதுதான் அவளுக்கு. நாகமுத்து பிரித்த பங்கைப் பற்றி ஒருவர் வாய் திறந்தது கிடையாது. வலைக்குச் சொந்தக்காரரான கதிரவேலச் சம்மாட்டி தன் நிழலோடுகூடச் சண்டை பிடிப்பார். அவரே நாகமுத்து பங்கு போடும்போது வாயைப் பொத்திக்கொண்டு நிற்பார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வருடக் கோடையில் மீன் எங்கேயோ தொலைந்துவிட்டது. வலையில் பாசியும் சொறிமுட்டை என்கிற ஜெல்லிமீனும்தான் வந்தன. நாகமுத்துவின் மகள் பூரணம் அப்போது நிறைமாதக்காரி. தலைப்பிள்ளை. சோற்றைக் கண்டாலே குமட்டல், கஞ்சியைக் கண்டாலும் குமட்டல். முகம் வெளிறி, கையெல்லாம் எலும்பாகிப் போயிருந்தது. "இப்பிடிக் கிடந்தால் பிள்ளையைப் பெற எங்கால பெலன் வரப்போகுது?" என்று மருத்துவிச்சி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். நாகமுத்து பூரணத்தின் தலையைத் தடவி, "என்னடி பிள்ளை வேணும் உனக்கு, ஒரு வாயாவது தின்னடி" என்று கெஞ்சினாள்.

"பாரை மீன் குழம்பெண்டால் ரெண்டு வாய் தின்னுவன் அம்மா" என்றாள் பூரணம்.

அடுத்த நாள் காலையில் வலை கொஞ்சம் கனத்தது. கொட்டிப் பார்த்தால் எல்லாம் சூடையும் கீரியும், விரல் நீளம்கூட இல்லாத பொடி மீன்கள். நாகமுத்து குனிந்து கையை விட்டாள். கையில் வழுவழுவென்று எதுவோ அகப்பட்டது. இழுத்துப் பார்த்தாள். பாரை! அந்த வலை முழுக்க இருந்த ஒரே ஒரு பாரை, பளபளவென்று அவள் கையில் துள்ளியது. ஆனால் முதலில் அகப்பட்ட மீன் ஆயிற்றே. நாகமுத்து அதை ஈர மணலில் தனியே வைத்தாள்.

பிறகு பங்கு போட்டாள். எல்லோரும் எடுத்து முடிய, அவளுக்கு மிஞ்சியது ஒரு பிடிச் சூடை. வழக்கப்படி எழுந்தாள். பாரையைத் தூக்கினாள். அலைக்குப் பக்கத்தில் போனாள்.

போய், அங்கேயே நின்றாள்.

எவ்வளவு நேரம் நின்றாளோ. மீனைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள். பூரணத்தின் எலும்புக் கை அவள் கண்ணுக்குள் நின்றது. சட்டென்று மீனைச் சேலை மடியில் போட்டு இறுக்கிச் செருகிக்கொண்டு திரும்பினாள்.

மீனோடு வீட்டுக்குத் திரும்பியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். நாகமுத்துவா? நாகமுத்துவா இப்படி?

காகத்துக்குத்தான் பொறுக்கவில்லை. "கா! கொண்டலின்ர பங்கு எங்க?" என்று கேட்டுவிட்டது.

ஊரே பார்த்துக்கொண்டு நிற்கிறது. நாகமுத்துவின் முகம் சுட்டது, காதெல்லாம் சிவந்தது. "பிள்ளைக்கு வேணும்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். கொண்டல் என்ன, கல்லே இரங்கியிருக்கும். ஆனால் வெட்கம் பிடித்த மனிதருக்கு உண்மை வாயில் வருவதில்லையே. அவளுக்கு வந்தது வேறு.

"கயிறு பிடிச்சவைக்குத்தானே பங்கு? காத்துக்கு எங்க கை இருக்குது, கயிறு பிடிக்க?"

ஐயோ! யார் வாயிலிருந்து என்ன வார்த்தை!  அப்புறம் கதிரவேலச் சம்மாட்டி கடகடவென்று சிரித்தார். கடலுக்குப் போகிற மீனைப் பார்த்துப் பார்த்துப் பல வருடமாக வயிறெரிந்த மனிதர் அவர். "அதுதானே! கையில்லாதவளுக்கு ஏன் பங்கு?" என்றார். அவர் சிரிக்க, மற்றவர்களும் சிரித்தார்கள்.

கொண்டல் அங்கேதான் நின்றாள். நனைந்த வலையை உலர்த்திக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

முதலில் வலையின் ஓரம் படபடப்பது நின்றது. பிறகு வள்ளத்துப் பாய் பொத்தென்று தொங்கியது. தென்னோலைகள் அசையவில்லை. எந்த நேரமும் சலசலத்துக்கொண்டிருந்த ஊரில் அப்படியொரு அமைதி விழுந்தது. சிரித்தவர்கள் சிரித்த வாயோடு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கடல் எண்ணெய் ஊற்றி வைத்த மாதிரிக் கிடந்தது.

நாகமுத்துவும் அதைக் கண்டாள். ஆனாலும் வீம்பு விடவில்லை. விறுவிறுவென்று வீட்டுக்குப் போனாள். புளி கரைத்து, தேங்காய்ப்பால் விட்டுப் பாரைக் குழம்பு வைத்தாள். அடுப்புப் புகை வளையாமல் நெளியாமல் நேரே மேலே போனது. அதைப் பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள். சட்டியை மகள் பக்கத்தில் வைத்து, "ஆறுதலாத் தின்னு பிள்ளை" என்று சொல்லும்போதே வெளியே கூக்குரல் கேட்டது. ஓடி வந்து பார்த்தாள்.

மேற்கே வானம் செம்மண் நிறமாக இருந்தது. கச்சான் வந்துகொண்டிருந்தான். எல்லையில் அவனை மறிக்க ஆள் இல்லை. புழுதியும் சருகுமாகத் தெருவுக்குள் பாய்ந்தான். அடடா, அந்தச் சூடு! குடத்துத் தண்ணீர் கொதித்தது. கொடியில் போட்ட ஈரத்துணி பார்த்துக்கொண்டிருக்கும்போதே பப்படம் மாதிரி மொடமொடத்தது. மரத்திலிருந்து குருவிகள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், எல்லோரையும்விட அதிகமாகப் பதறியவன் கச்சான்தான்.

"கொண்டல் எங்க? கொண்டல் எங்க போயிட்டா? எல்லையில கூப்பிட்டுப் பாத்தன், ஒருத்தரும் மறிக்கேல்லை! எனக்கு நிக்கத் தெரியாதெண்டு உங்களுக்குத் தெரியும்தானே! ஆராவது என்னை மறியுங்கோவன்!" என்று கதறிக்கொண்டே இந்தத் தெருவில் நுழைந்து அந்தத் தெருவால் ஓடினான். ஓடிய இடமெல்லாம் கருகியது.

அன்று மாலையும் கொண்டல் வரவில்லை. மறுநாள் விடிந்தபோதும் வரவில்லை. வெளியே வந்த ஊர்ச்சனம் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தது. தெருவெல்லாம் மான்கள்! புள்ளிமான் கூட்டம் கூட்டமாகக் காட்டை விட்டு இறங்கி, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டு வாசல்களில் நின்றன. கிளைக்கொம்பு மான் ஒன்று கதிரவேலச் சம்மாட்டியின் வாசல் படலையில் தலையை வைத்துக்கொண்டு, "ஐயா, காட்டில நிண்டு பிடிக்க ஏலாது. கடல் பக்கம் குளிரெண்டு நினைச்சு வந்தம். இஞ்சயும் இதுதானோ?" என்று கேட்டது. 

அந்த நேரம் பார்த்துத்தான் பூரணத்துக்கு நோக்காடு தொடங்கியது. உள்ளே அனல் உலையாக இருந்தது. மருத்துவிச்சி ஓலை விசிறியால் விசிறினாள், விசிறினால் சூடுதான் முகத்தில் அடித்தது. பூரணம் ஒரு தரம் முனகுவாள், கண் சொருகிவிடும். தண்ணீர் தெளித்தால் விழிப்பாள், திரும்பவும் சொருகிவிடும்.

"நாகமுத்து, சொல்லுறன் எண்டு கோவிக்காத" என்றாள் மருத்துவிச்சி. "உச்சி வெயில் சாயிறதுக்குள்ள கொஞ்சம் காத்து வரவேணும். வராட்டில் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை."

நாகமுத்துவுக்குப் பேய் அறைந்த மாதிரி இருந்தது. மகள் பிழைக்க வேண்டும் என்று எடுத்த மீன், மகளையே கொண்டு போகப் பார்க்கிறதே! தலையில் அடித்துக்கொண்டாள். அழக்கூட நிற்காமல் கடற்கரைக்கு ஓடினாள். மணலில் கால் வெந்தது. கிடந்த வள்ளத்தைத் தனியே தள்ளி ஏறித் துடுப்பை எடுத்தாள். அந்தக் கரையில் பெண்ணொருத்தி வள்ளம் வலித்துப் போனதை அதுவரை யாரும் கண்டதில்லை. சம்மாட்டி "அடியே! என்ன விசரே உனக்கு?" என்று கத்தினார். அவள் திரும்பியே பார்க்கவில்லை.

கடலுக்குள் கால் நீட்டிக் கிடக்கிற மலைக்கு அந்தப் பக்கம், நிழல் விழுந்த பாறையொன்றில் கொண்டல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் சேலைத் தலைப்புக்குள் மறைத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"கொண்டல்" என்று கூப்பிட்டாள் நாகமுத்து.

"ஆர் அது? கையிருக்கிறவையோ?"

நாகமுத்து துடுப்பைப் போட்டுவிட்டு அழுதாள். "நான் செய்தது களவு. களவை மறைக்கச் சொன்னது பொய். என்ர பிள்ளைக்குப் பாரை வேணுமெண்டு உன்னட்டக் கேட்டிருக்கலாம். வெட்கத்தில வாய்க்கு வந்ததைச் சொல்லிப்போட்டன். என்னை என்னவும் செய். பூரணம் அங்க சாகக் கிடக்கிறாள்."

கொண்டல் நிமிர்ந்து பார்த்தாள். பூரணத்தை அவளுக்கும் தெரியும். தொட்டிலில் கிடந்த காலம் தொட்டு ஆட்டிவிட்டவள் அவள்தானே. கண் கலங்கியது, ஆனால் கை வெளியே வரவில்லை.

"மீனை நீ எடுத்தது எனக்குப் பெரிசில்லையடி. நீ விடுற மீனை நான் ஒருநாளும் தின்னேல்லை, அது நீந்திப் போயிடும். ஊரோட ஊரா எனக்கும் ஒரு பங்கு வைக்கினம் எண்டதுதான் எனக்குச் சந்தோசம். நேற்று நீ கேட்டாய், ஊரே சிரிச்சுது. அந்த இடத்திலயே கடல் மேல சத்தியம் பண்ணிப்போட்டன். கோடையில இனி இந்தக் கையால உங்கட கயிற்றைத் தொடமாட்டன். கடல் மேல பண்ணின சத்தியத்தை மாத்த ஏலாது, தெரியும்தானே."

தெரியும். கடலோரத்துப் பெண்ணுக்கு அது தெரியாதா? நாகமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். எத்தனை சண்டையைப் பங்கு போட்டுத் தீர்த்தவள்! வழி தோன்றியது.

"அப்ப கயிற்றைத் தொடாத. வேலைக்கு வராத. வலை இழுத்து, பங்கு பிரிச்சு, உன்ர பங்கைக் கடலில விட்டாப் பிறகு வா. விருந்தாளியா வா. விருந்தாளியிட்ட ஆரும் வேலை சொல்லமாட்டினம்."

 "அதுவரைக்கும் கச்சான் ஊருக்குள்ள நிப்பான்" என்றாள் கொண்டல்.

"நிக்கட்டும். நாங்கள் செய்ததுக்கு நாங்கள்தான் வேகவேணும்."

"பங்கு பிந்தினால் நானும் பிந்துவன்."

"பிந்து. ஆனால் இண்டைக்கு மட்டும் பிந்தாத, என்ர தாயே!"

கொண்டல் எழுந்தாள். "இன்னொண்டு. எனக்குக் கையில்லை எண்டு நீ ஊரறியச் சொன்னனி. சரி, இல்லை எண்டே வைச்சுக்கொள்ளுவம். கையில்லாதவள் சேலை பிழிவாளோ? கோடையில இனி ஈரச் சேலையோடதான் வருவன். உப்புத் தண்ணி சொட்டச் சொட்ட உங்களில ஒட்டிக்கொண்டுதான் நிப்பன். பொறுப்பியளோ?"

"பொறுப்பம், பொறுப்பம், நீ வா!"

அன்று பங்கு என்று ஒன்றும் இருக்கவில்லை. நாகமுத்து தன் காதிலிருந்த ஒற்றைத் தோட்டைக் கழற்றி "உன்ர பங்கு" என்று கடலில் போட்டாள். வள்ளம் கரையை நோக்கித் தானாகவே ஓடத் தொடங்கியது. உச்சி வெயில் சற்றே சாய்கிற நேரம். தென்னோலை ஒன்று அசைந்தது. பிறகு எல்லா ஓலையும் அசைந்தன. தெருவில் படுத்திருந்த மான்கள் சட்டென்று எழுந்து கிழக்கே மூக்கை நீட்டின. "அப்பாடா, வந்திட்டா! கும்பிடுறன் அம்மா!" என்று கச்சான் எல்லையைப் பார்த்து ஓடினான். ஊர்ச்சனம் வெளியே வந்து கையை விரித்துக்கொண்டு நின்றது. ஆனால் இதென்ன? காற்று வருகிறது, வியர்வை காயவில்லையே! கழுத்தில் பிசுபிசு, முதுகில் பிசுபிசு, உதட்டை நக்கினால் உப்பு. ஒன்றும் விளங்காமல் எல்லோரும் விழித்தார்கள்.

நாகமுத்து வாசலில் கால் வைத்தபோது உள்ளே குழந்தை வீரிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவள் உள்ளே ஓடினாள். பேரன். உரித்து வைத்த மாதிரித் தாயின் மூக்கு. பூரணம் கண்ணைத் திறந்து சிரித்தாள். ஈரக்காற்று அவள் நெற்றி மயிரை ஒட்ட வைத்துவிட்டு, தொட்டில் பக்கம் போய் நின்றது.

"நேற்று அந்தப் பாரைக் குழம்பு திண்டபடியாத்தான் உனக்கு உயிராவது மிஞ்சியிருக்குது எண்டு மருத்துவிச்சி சொல்லுறாள்" என்றாள் நாகமுத்து. "நல்லாத் திண்டனியோ எண்டுகூட நான் கேக்கேல்லை. சட்டி வெறுமையாக் கிடந்துது. ருசியா இருந்துதோ, பிள்ளை?"

பூரணம் முகத்தைச் சுளித்தாள். "நான் எங்க அம்மா திண்டனான்? மணமே பிடிக்கேல்லை, வயித்தைப் பிரட்டிச் சத்தி வந்திட்டுது. நீ கோவிப்பாய் எண்டு பூனைக்கு ஊத்திப்போட்டன்."

 அடுப்படியில் பூனை காலை நக்கிக்கொண்டு கிடந்தது. நாகமுத்து அதையே பார்த்தாள். தொட்டிலைப் பார்த்தாள். வெளியே கன்னத்தில் ஒட்டுகிற காற்றையும், இனி ஒவ்வொரு கோடையிலும் காலையெல்லாம் வேகப்போகிற ஊரையும் நினைத்தாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அங்கேயே இருந்தாள்.

அன்று முதல்தான் கோணமலைப் பட்டினத்தில் கோடைக் காலைகள் கச்சானுடையவை ஆயின. அன்று முதல்தான் கோடையில் விடிந்து வெகுநேரம் வரைக்கும் அந்தக் கடல் அலையில்லாமல் எண்ணெயாய்க் கிடக்கிறது. காட்டிலிருந்து வந்த மான்கள் திரும்பிப் போகவேயில்லை, வெயில் ஏறினால் தெருவில் நின்று கிழக்கே மூக்கை நீட்டிப் பார்க்கின்றன. கரைவலை இழுத்து, பங்கு பிரித்து, பொழுது சாயத் தொடங்கிய பிறகுதான் கொண்டல் வருகிறாள். வந்து கழுத்திலும் முதுகிலும் ஈரமாய், உப்பாய் ஒட்டிக்கொள்கிறாள். வெளியூர்க்காரர் யாராவது "சீ, என்ன காற்று இது, வியர்வைகூடக் காயாது" என்று சலித்துக்கொண்டால் அந்தக் கரைப் பெண்கள் அவசரமாக அவர்கள் வாயைப் பொத்துவார்கள். "மெல்லப் பேசுங்கோ. பிழிய அவவுக்குக் கை இருக்குது, நாங்கள்தான் இல்லையெண்டு சொல்லிப்போட்டம்."